கலங்காது கணக்கெடுத்த வைத்தியர்

பெருந்துன்பம் ஒன்று ஊரைச் சூழும்போது மக்கள் நடந்துகொள்ளும் முறை பலதிறப்படும். உயிர் தப்பினாற் போதுமென்று ஓடுவார் சிலர். அயலவர்மேற் பழிசுமத்தி ஆறுதல் பெறுவார் சிலர். தாம் முன்னரே நம்பியிருந்த ஒன்றை மேலும் இறுகப் பற்றிக்கொண்டு, அதற்கேற்ப எதையேனும் அவசரமாகச் செய்து முடிப்பார் சிலர். தம் உயிரையும் எண்ணாது நோயாளரின் பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுப்பார் சிலர். 2020ஆம் ஆண்டிற் கொரோனா நோய் உலகைப் பற்றியபோது இந்நால்வகையினரையும் நாம் எங்கள் ஊர்களிலேயே கண்டோம். இவர்களுள் அடங்காத ஐந்தாம் வகையினரும் உளர். அவர் மிக அரியர். துன்பத்தின் நடுவே நின்றுகொண்டே, இது எங்கிருந்து வந்தது, எவ்வழியாற் பரவுகின்றது என்று அமைதியாக ஆராய்ந்து, விடை கிடைக்கும்வரை வீடு வீடாக நடப்பவர் அவர்.

அவ்வகையினருள் ஒருவர் டொக்டர் ஜோன் ஸ்னோ. வைத்தியம் பயிலும் மாணவர் யாவரும் இவர் பெயரை அறிவர். ஒரு கைப்பம்பின் பிடியைக் கழற்றுவித்து, லண்டன் மாநகரைக் கொலராவினின்றும் காத்தார் என்று இவரைப்பற்றி ஒரு கதை வழங்குகின்றது. கதை அழகானது. ஆயின் நடந்த செய்தி அக்கதையினும் அழகானது. அதனை நடந்தவாறே வாசகர்க்குச் சொல்ல விரும்புகின்றேன்.

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு வைத்திய சாத்திரத்தில் என்ன அலுவல் என்று சிலர் வினாவக்கூடும். நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, அதன் பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்னும் வள்ளுவர் கருத்தை, மருந்து என்ற அதிகாரத்தை விளக்கும்போதெல்லாம் மாணவர்க்குச் சொல்லி வருபவன் நான். அக்கருத்துக்கு உரைகள் பல உண்டு. தம் வாழ்க்கையையே அதற்கு உரையாக ஆக்கிய ஒருவரைப்பற்றிப் பேசுதல் என் தொழிலுக்குப் புறம்பாகாது.

இளமையிற் கண்ட கொடுமை

ஜோன் ஸ்னோ 1813ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள யோர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் கூலித் தொழிலாளி. பிள்ளைகள் ஒன்பதின்மருள் இவரே மூத்தவர். வறிய குடும்பமாயினும் பிள்ளையின் கல்வியிற் பெற்றோர் கண்ணுங் கருத்துமாக இருந்தனர். பதினான்காம் வயதில், 1827ஆம் ஆண்டில், நியூகாசில் நகரத்து வைத்தியர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பதினேழாம் வயதிற் புலாலுணவை நீக்கிச் சில ஆண்டுகள் மரக்கறி உணவையே உண்டு வாழ்ந்தார், மதுவையும் விலக்கினார், நீரையும் வடித்தெடுத்தே பருகும் வழக்கம் உடையவராயினார்.

கொலரா என்னும் கொள்ளைநோய் 1817ஆம் ஆண்டில் வங்காளத்திற் பெருகியது. பின்னர்த் தரைவழியாகவும் கடல்வழியாகவும் நாடுகள் பலவற்றைக் கடந்து, 1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் துறைமுகத்தை அடைந்தது. அந்நோயின் கொடுமையை இக்காலத்தார் பெரும்பாலும் கண்டறியார். காலையில் உடல்நலத்தோடு வேலைக்குப் புறப்பட்டவன் நண்பகலில் வாந்தியும் பேதியுமாய்க் கிடப்பான். உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றி, கண்கள் குழிந்து, தோல் சுருங்கி நீலம்பாய்ந்து, இரவு வருமுன் அவன் உயிர் பிரிதலும் உண்டு. சாகும்வரை அறிவு தெளிவாயிருத்தல் அந்நோயின் மற்றொரு கொடுமை.

நியூகாசிலுக்கு அயலிலுள்ள கில்லிங்வேர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் நோய் புகுந்தபோது, அங்கே தொழிலாளரைப் பராமரிக்கும் பொறுப்புப் பதினெட்டு வயதான ஸ்னோவிடம் விடப்பட்டது. அவர் இரவுபகலாக உழைத்தார். ஆயினும் அக்காலத்து மருந்து எதுவும் அந்நோய்க்கு முன் நிற்கவில்லை. சுரங்கத் தொழிலாளர் நாள்தோறும் எட்டு ஒன்பது மணிநேரம் நிலத்தின்கீழ் இருந்து, மலங்கழிக்க வேறிடம் இன்றி, கைகழுவ நீரும் இன்றி, அவ்விடத்திலேயே உணவு கொள்வர். அன்று கண்ட இக்காட்சி அவர் மனத்திற் பதிந்திருந்தது. பல ஆண்டுகளின் பின் தாம் எழுதிய நூலில் இதனை ஒரு சான்றாக எடுத்துக்காட்டினார்.

வாடையும் வாயும்

1836ஆம் ஆண்டில் ஸ்னோ லண்டனுக்குச் சென்று வைத்தியக் கல்வியைத் தொடர்ந்தார். 1844ஆம் ஆண்டில் லண்டன் சர்வகலாசாலையில் வைத்தியக் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1846ஆம் ஆண்டில், ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்து நோயாளியை உணர்விழக்கச்செய்யும் முறை அமெரிக்காவில் வெளிப்பட்டது. சத்திர சிகிச்சையின் பெருநோவை நீக்கும் அம்முறையை வைத்தியர் பலர் ஆவலோடு கைக்கொண்டனர். ஸ்னோவோ அதனை முதலில் ஆராய்ந்தார். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவி எழும், எத்துணை அளவு உயிருக்குத் தீங்காகும் என்று அளந்து கணக்கிட்டு, ஆவியின் அளவை ஒழுங்குபடுத்தும் கருவியையும் அமைத்தார். 1853ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் விக்டோரியா மகாராணியார் தம் எட்டாவது பிள்ளையைப் பெற்றபோது, குளோரபோம் கொடுத்து நோவைத் தணிக்க அழைக்கப்பட்டவர் இவரே. ஏழைத் தொழிலாளியின் மகன் அரண்மனைவரை சென்ற வரலாறு இது. அந்தப் புகழோடு அவர் அமைந்திருக்கலாம். ஆயின் பதினெட்டு வயதிற் கண்ட கொள்ளைநோய் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்து அறிஞரும் அரசாங்கத்தாரும் கொலரா கெட்ட காற்றினால் வருவதென்று உறுதியாக நம்பினர். அழுகிய பொருள்களிலிருந்து எழும் துர்நாற்றமே நோயின் வித்து என்பது அவர்தம் கொள்கை. அவர்கள் மூடரல்லர், மக்கள் நலத்தை மெய்யாக விரும்பியவர்களே. ஆயினும் பதற்றத்திற் பிழையான கொள்கையைப் பற்றிக்கொண்டு செய்யும் நற்செயல் எத்துணைத் தீங்காக முடியும் என்பதற்கு அவர் வரலாறு ஓர் எச்சரிக்கை. வீடுகளின் கீழிருந்த மலக்கிடங்குகளின் நாற்றத்தை ஒழித்தால் நோய் ஒழியும் என்றெண்ணி, அவற்றிலுள்ள கழிவையெல்லாம் சாக்கடை வழியே தேம்ஸ் நதியில் விழச் செய்தனர். அந்நதியின் நீரையே நகர மக்களிற் பலர் குடித்தனர். 1848, 1849ஆம் ஆண்டுகளில் வந்த கொலராவில் லண்டனில் மட்டும் ஏறக்குறைய 14,000 பேர் மாண்டனர்.

ஸ்னோ இக்கொள்கையை ஏற்கவில்லை. அவர் கேட்ட கேள்வி மிக எளியது. காற்றினால் வரும் நோயாயின் முதலிற் சுவாசப்பை அன்றோ வருந்தவேண்டும்? கொலராவோ குடலிலேயே தொடங்குகின்றது. ஆதலின் நோயின் வித்து மூக்கினாற் புகுவதன்று, வாயினாற் புகுவது. நோயாளியின் கழிவிலிருந்து கையின் வழியாகவோ நீரின் வழியாகவோ பிறர் வயிற்றை அடைவது. இக்கருத்தை 1849ஆம் ஆண்டில் ஒரு சிறுநூலாக வெளியிட்டார். பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சிலர் ஊகம் நன்று, சான்று போதாது என்றனர். இரண்டாவது கூற்றில் நியாயம் உண்டென்று ஸ்னோவும் உணர்ந்திருந்தார் போலும். மறுப்பாரைக் கடிந்துகொள்ளாது சான்றைத் தேடத் தலைப்பட்டார்.

புறோட் வீதி

1854ஆம் ஆண்டில் கொலரா மீண்டும் லண்டனுக்கு வந்தது. ஓகஸ்ட் மாதம் 31ஆம் திகதி இரவு, சோகோ என்னும் நெருக்கமான குடியிருப்பில், புறோட் வீதியைச் சூழ்ந்த இடத்தில், அது இடிபோல விழுந்தது. செப்ரெம்பர் 2ஆம் திகதி ஒருநாளில் மாத்திரம் 127 பேர் இறந்தனர். பத்து நாள்களுள் இறந்தோர் தொகை 500ஐத் தாண்டியது. ஈற்றிற் கணக்கிட்டபோது 616 உயிர்கள் அச்சிறிய இடத்தில் அழிந்திருந்தன.

அங்கே வாழ்ந்த மக்கள் என் செய்தனர்? வேறிடம் செல்ல இயன்றவர்கள் சென்றனர். ஆறு நாள்களுள், நோய் மிகுந்த தெருக்களில் வாழ்ந்தோருள் முக்காற் பங்கினருக்கு மேல் வீடுகளை விட்டு நீங்கினர். அதிகாரிகள் தெருக்களிற் சுண்ணாம்பு மருந்தைத் தூவி நாற்றத்தை அடக்க முயன்றனர். உதவி செய்ய வந்தவரும் உளர். பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், அயலிலிருந்த மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்கு வந்து கொலரா நோயாளரைப் பராமரித்தார். சென் லூக்கு ஆலயத்தின் உதவிக்குரு ஹென்றி வைற்ஹெட் என்பவர் இருபத்தெட்டு வயதினர். அவர் வீடு வீடாகச் சென்று, சாகின்றவர் பக்கத்தில் இருந்து ஆறுதல் கூறினார். நைற்றிங்கேல் அம்மையாரும் வைற்ஹெட் போதகரும் நோய் கெட்ட காற்றினால் வருவதென்றே அப்போது நம்பினர். நம்பியும் அக்காற்றினுள்ளேயே நாள்முழுதும் நின்றனர் என்பதை எண்ணும்போது அவர்தம் துணிவை வியவாதிருத்தல் அரிது.

ஸ்னோவின் வீடு அங்கிருந்து நடக்கும் தூரத்திலேயே இருந்தது. நோய் தொடங்கிய செய்தி கேட்டதும் அவர் அங்கே சென்றார். அவருடைய ஐயம் புறோட் வீதிக் கைப்பம்பின்மேற் சென்றது. அக்கிணற்று நீர் தெளிவானது, சுவையானது என்று பேர்பெற்றது; தொலைவில் இருந்தோரும் அதனை விரும்பி எடுப்பித்தனர். அவர் நீரை எடுத்து ஆராய்ந்தார். குற்றமென்று சொல்லத்தக்கது எதுவும் வெளிப்படையாகத் தோன்றவில்லை. மற்றொருவராயின் ஒன்றில் ஐயத்தைக் கைவிட்டிருப்பர், அன்றேல் ஐயத்தையே உண்மையென்று பறைசாற்றியிருப்பர். அவர் இரண்டும் செய்யவில்லை. மரணப் பதிவு அலுவலகத்துக்குச் சென்று, இறந்தோர் பட்டியலைப் பெற்று, அப்பட்டியலோடு தெருவில் இறங்கினார்.

அந்த வாரத்தில் அப்பகுதியிற் பதியப்பட்ட கொலரா மரணங்கள் 89. அவற்றுள் 83 கடைசி மூன்று நாள்களில் நிகழ்ந்தவை. அந்த 83 பேருள் 73 பேர் புறோட் வீதிக் கிணற்றுக்கு அண்மையில் வாழ்ந்தவர். அவர்களுள் 61 பேர் அக்கிணற்று நீரைக் குடித்தவர் என்று உறவினர் கூறினர். எஞ்சிய 10 பேரும் வேறொரு கிணற்றுக்கு அண்மையில் வாழ்ந்தவர். அவ்வாறாயின் அவர்கள் இறந்தது எவ்வாறு? ஸ்னோ அவ்வீடுகளுக்கும் சென்றார். ஐவர், தம் வீட்டருகேயுள்ள நீரை விடுத்து, சுவைபற்றிப் புறோட் வீதி நீரையே எடுப்பித்துக் குடித்தவர். வேறு மூவர் புறோட் வீதிக்கு அருகேயுள்ள பள்ளிக்கூடத்துக்குச் சென்றுவந்த சிறுவர்.

தம் கருத்துக்குச் சார்பானவற்றை மட்டும் சேர்ப்பவன் ஆராய்ச்சியாளன் அல்லன். நோய் வராத இடங்களையும் ஸ்னோ நாடினார். அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் வாழ்ந்தனர். சுற்றிலுமுள்ள வீடுகளில் எல்லாம் சாவு நிகழ, அவ்விடுதியில் இறந்தோர் ஐவரே. விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. புறோட் வீதியிலேயே இருந்த பியர் வடிசாலையில் எழுபதுக்கு மேற்பட்டோர் வேலைசெய்தனர். ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. அவர்களுக்குப் பியர் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. தெருக்கிணற்று நீரை அவர்கள் தொடுவதில்லை. மது விலக்கிய ஸ்னோவின் கொள்கைக்கு மதுச்சாலையே சான்று கூற வந்தது விந்தைதான். அதே வீதியில் துப்பாக்கி வெடிக்குமிழ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தொழிலாளர் குடிப்பதற்கெனப் பீப்பாக்களிற் கிணற்று நீரை நிரப்பி வைத்திருந்தனர். அங்கே 200 பேருள் 18 பேர் மாண்டனர்.

எல்லாவற்றினும் வலிய சான்று தொலைவிலிருந்து வந்தது. ஹம்ப்ஸ்ரெட் என்னும் இடத்தில் வாழ்ந்த கைம்பெண் ஒருவர் கொலராவினால் இறந்திருந்தார். அவர் பல மாதங்களாகப் புறோட் வீதிக்கு வந்ததில்லை; அவர் வாழ்ந்த இடத்தில் வேறெவர்க்கும் அந்நோய் இல்லை. ஸ்னோ விசாரித்தார். அம்மையார் முன்னர்ப் புறோட் வீதியில் வாழ்ந்தவர். அவ்விடத்து நீரின் சுவையை மறக்க இயலாதவர். அங்கிருந்து நாள்தோறும் செல்லும் வண்டியில் ஒரு போத்தல் நீர் அவருக்கு அனுப்பப்பட்டு வந்தது. ஓகஸ்ட் 31ஆம் திகதியும் சென்றது. அதனைக் குடித்தவர் செப்ரெம்பர் 2ஆம் திகதி இறந்தார். அவரிடம் வந்திருந்த மருமகளும் அந்நீரைக் குடித்து, இஸ்லிங்ரன் என்னும் இடத்திலுள்ள தம் வீட்டுக்குச் சென்று இறந்தார். காற்றுக் குற்றமாயின், இடையிலுள்ள ஆயிரக்கணக்கான வீடுகளை விடுத்து இவ்விரு வீடுகளை மட்டும் அது எவ்வாறு தேடிச் சென்றது?

செப்ரெம்பர் 7ஆம் திகதி மாலை, சென் ஜேம்ஸ் பகுதிப் பாதுகாவலர் சபையார் கூடியிருந்த இடத்துக்கு ஸ்னோ சென்று தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். சபையார் முழுவதும் நம்பினர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மறுநாள் அப்பம்பின் பிடியைக் கழற்றுவித்தனர்.

பெருமையை மறுத்த பெருமை

கதை சொல்வோர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். பிடி கழன்றது, நோய் நின்றது என்பர். ஸ்னோ அவ்வாறு சொல்லவில்லை. செப்ரெம்பர் 1ஆம் திகதி 143 பேரைப் பற்றிய நோய், பிடி கழற்றப்பட்ட 8ஆம் திகதி 12 பேரையே பற்றியது என்ற கணக்கைத் தம் நூலிலேயே வரிசைப்படுத்திக் காட்டினார். மக்கள் ஊரைவிட்டு ஓடியமையாலேயே நோய் பெரிதும் தணிந்துவிட்டது என்றும், பிடியைக் கழற்றியபோது கிணற்றில் நஞ்சு எஞ்சியிருந்ததா என்று துணிதல் இயலாது என்றும் ஒளியாது எழுதினார். ஊரெல்லாம் தம்மைப் புகழத்தக்க ஒரு கதையைத் தாமே தடுத்த இச்செயலையே நான் அவர் வாழ்வின் உச்சமாகக் கருதுகின்றேன். நோய்க்கு அஞ்சாதோர் பலர் இருந்தனர். தமக்குச் சார்பான பொய்க்கு அஞ்சியவர் அவர்.

அக்காலத்திலேயே தேம்ஸ் நதிக்குத் தெற்கே மற்றொரு பெரிய ஆராய்ச்சியையும் அவர் நடத்தினார். அப்பகுதியில் இரண்டு கொம்பனிகள் ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கின. லம்பெத் கொம்பனி 1852ஆம் ஆண்டில் தன் நீர்வாயிலை நகரக் கழிவு சேராத மேற்புறத்துக்கு மாற்றியிருந்தது. சதக் வொக்சோல் கொம்பனி கழிவு கலந்த இடத்திலேயே நீர் எடுத்தது. தம் வீட்டுக்கு நீர் தருவது எக்கொம்பனி என்று அறியாதவர் பலர். ஸ்னோ அவ்வீட்டு நீரைச் சிறிது எடுத்துச் சென்று, அதிலுள்ள உப்பின் அளவைக்கொண்டு இன்ன கொம்பனி நீரென்று அறிந்தார். நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில், சதக் வொக்சோல் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் இறந்திருந்தனர். லம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் இறந்தோர் 98 பேரே. காற்று ஒன்று, தெரு ஒன்று, வேறுபட்டது நீர் மாத்திரமே.

இத்துணைச் சான்றுக்குப் பின்னும் அரசாங்கச் சுகாதார சபையார் அவர் கருத்தை ஏற்கவில்லை. 1855ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையில் அதனைத் தள்ளிவிட்டனர். அவ்வாண்டில் ஸ்னோ தம் நூலை விரிவாக்கி, 200 பவுணுக்கு மேற் செலவிட்டு மீண்டும் வெளியிட்டார். விற்றது மிகச் சிலவே.

எதிர்த்தவரே துணையானார்

சபை தள்ளிய கருத்தைத் தாங்க ஒருவர் வந்தார். அவர் முற்கூறிய வைற்ஹெட் போதகர். அவரும் முதலில் ஸ்னோவின் கருத்தை ஒப்பவில்லை. அக்கிணற்று நீரை நிரம்பக் குடித்தும் பிழைத்தவரைத் தாம் கண்டதாக எண்ணினார். முறையாக விசாரித்தால் ஸ்னோவின் கூற்றுப் பொய்யாகுமென்று நம்பியே விசாரிக்கத் தொடங்கினார். அத்தெருவில் அவர் நுழையாத வீடு இல்லை. அவரை அறியாத குடும்பம் இல்லை. வேறிடம் சென்றவர்களையும் தேடிக் கண்டார். கணக்கு அவர் நினைத்ததற்கு மாறாக வந்தது. கிணற்று நீர் குடித்த 137 பேருள் 80 பேருக்கு நோய் கண்டிருந்தது. குடியாத 297 பேருள் 20 பேருக்கே கண்டிருந்தது. தம் எண்ணம் பிழையென்று கண்டதும் அதனைக் கைவிட்டு, ஸ்னோவின் பக்கம் வந்து நின்றார் அவ்விளைஞர்.

கிணற்றில் நஞ்சு புகுந்த வழியையும் அவரே கண்டுபிடித்தார். மரணப் பதிவை மீண்டும் பார்த்தபோது, 40ஆம் இலக்க வீட்டில் ஒரு கைக்குழந்தை, ஊரில் நோய் வெடிப்பதற்குச் சில நாள்முன்னரே பேதியால் வருந்தத் தொடங்கி இறந்தமை அவர் கண்ணிற் பட்டது. குழந்தையின் துணிகளைக் கழுவிய நீரைத் தாய் வீட்டின் முன்புறத்து மலக்கிடங்கில் ஊற்றியிருந்தாள். நிலத்தைத் தோண்டிப் பார்த்தபோது அக்கிடங்கின் சுவர் சிதைந்திருந்தது. அதற்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடியும் இல்லை. குழந்தையின் கழிவு மண்ணினூடே கசிந்து, ஊரார் விரும்பிக் குடித்த தெளிந்த நீரிற் கலந்திருந்தது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. அக்குழந்தையின் தந்தை ஒரு பொலிஸ்காரர். அவரை நோய் பற்றியது செப்ரெம்பர் 8ஆம் திகதி. அஃதாவது பிடி கழற்றப்பட்ட அதே நாள். சில நாள்களில் அவரும் இறந்தார். அவருடைய கழிவும் அக்கிடங்கிலேயே விழுந்திருக்கும். பம்பு இயங்கியிருந்தால், ஓடியவர்கள் திரும்பிவந்து மீண்டும் அந்நஞ்சையே குடித்திருப்பர். தணிந்துகொண்டிருந்த நோயை ஸ்னோ நிறுத்தினார் என்பது மிகை. வரவிருந்த இரண்டாம் அழிவைத் தடுத்தார் என்பது பொருந்தும். தாம் உரிமை கொண்டாடாத புகழுக்கு ஈடாக, அதனினும் உறுதியான புகழை எதிராளியின் கையால் அவர் பெற்றார்.

மறைவும் வெற்றியும்

ஸ்னோ மணம் செய்துகொள்ளவில்லை. 1858ஆம் ஆண்டு யூன் மாதம், குளோரபோம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருக்கும்போது மூளையில் இரத்தக் கசிவுற்று வீழ்ந்து, 16ஆம் திகதி தமது நாற்பத்தைந்தாம் வயதிற் காலமானார். லான்செற் என்னும் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகை அவர் மறைவை இரண்டொரு வரிகளிற் குறித்தது; கொலரா ஆராய்ச்சியைப்பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. 2013ஆம் ஆண்டில், அவர் பிறந்து இருநூறு ஆண்டு நிறைந்தபோது, அச்சஞ்சிகையே அக்குறையைத் திருத்தி எழுதியது.

1866ஆம் ஆண்டில் லண்டனின் கீழ்ப்பகுதியிற் கொலரா பரவியபோது, முன்னர்க் காற்றையே காரணமென்ற புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார், நீரே காரணமென்று கண்டு மக்களைக் காய்ச்சிய நீர் குடிக்குமாறு எச்சரிக்கச் செய்தார். நோயின் கிருமியை இத்தாலியரான பச்சினி 1854ஆம் ஆண்டிலேயே நுணுக்குக்காட்டியிற் கண்டிருந்தும் உலகம் கவனிக்கவில்லை. 1884ஆம் ஆண்டில் ஜேர்மானியரான றொபேட் கொக் கல்கத்தாவில் அதனைத் தனியாகப் பிரித்தெடுத்தார். கிருமியைக் கண்ணாற் காணாமலே, இறந்தவர் கணக்கைக்கொண்டு அது செல்லும் வழியைக் கண்டவர் ஸ்னோ. இன்று புறோட்விக் வீதி என வழங்கும் அவ்வீதியில், அவர் நினைவாகப் பிடியில்லாத ஒரு கைப்பம்பு நிற்கின்றது. அருகில் அவர் பெயரால் ஒரு மதுச்சாலையும் உண்டு. மது விலக்கியவர்க்கு உலகம் செய்த நன்றிக்கடன் அவ்வாறாக அமைந்தது!

வைற்ஹெட் போதகர் தம் வாழ்நாள் முழுவதும் ஸ்னோவின் படத்தைத் தம் படிப்பறையில் வைத்திருந்தார். இருவருள் எவர் பெரியவர் என்று மாணவர் என்னை வினாவினால் விடைசொல்லத் தயங்குவேன். தம் கருத்தை நிலைநாட்ட நடந்தவர் ஒருவர். பிறர் கருத்தைப் பொய்ப்பிக்க நடந்து, உண்மையைக் கண்டு தலைவணங்கியவர் மற்றவர். இரண்டாவது செயல் முன்னையதினும் எளியதன்று.

எமக்கு அண்மையான செய்தி

இஃது எங்கோ ஒரு நாட்டில் நடந்த செய்தி என்று நாம் தள்ளிவிடலாகாது. ஸ்னோ வாழ்ந்த அந்நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தையும் கொலரா பலமுறை வருத்தியது. 1848ஆம் ஆண்டு முதல் மானிப்பாயில் வைத்தியம் செய்து, தமிழிலேயே வைத்தியம் கற்பித்த டொக்டர் கிறீன் அந்நோயாளரையும் பராமரித்தார். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையினுள்ளே தங்கிய மழைநீரே எமக்குக் கிணறாகின்றது. அப்பாறை வெடிப்பும் துளையும் உடையது. மேலே விடும் கழிவு கீழே இறங்கக் காலம் வேண்டுவதில்லை. காணி சுருங்கிக் குடும்பம் பெருகிய இக்காலத்தில், ஒருவர் மலக்குழிக்கும் அயலவர் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரம் வேலி அளவாகக் குறைந்து வருகின்றது. நீரின் தெளிவையும் சுவையையும் நம்பி நாம் அமைதியாக இருக்கின்றோம். புறோட் வீதியாரும் அவ்வாறே இருந்தனர்.

இடர் வரும் நாளில் ஓடுதல் எளிது; பழித்தல் அதனினும் எளிது. துணிவோடு பணிபுரிவார் எக்காலத்தும் உளர். அவர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயின் அவர்தம் துணிவு வீண்போகாதிருத்தற்கு, ஒருவராவது பட்டியலைக் கையிற்கொண்டு வீடு வீடாகச் சென்று கேட்கவேண்டும். கேட்டதை மறையாது சொல்லவேண்டும். சொன்னது தமக்கே பாதகமாயினும் மாற்றாது விடவேண்டும். அத்தகைய ஒருவரை வளர்ப்பது பள்ளிக்கூடத்தின் கடமை. அவர் சொல்லுங்கால், வைற்ஹெட் போதகரைப்போல ஆராய்ந்து ஏற்பது எம் எல்லாருடைய கடமையுமாகும்.